கடைக்காரர் சொன்னபடியே செடித்தொட்டி வைத்தேன், ஒன்பது நாளில் ஏழு மீன் போய்விட்டது

திருநகர்_புதுசு
ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன், அதுவும் வயிற்றெரிச்சலோடு.

பெண் ஏழாவது படிக்கிறாள். செடி வைத்த மீன் தொட்டி வேண்டும் என்று சித்திரைத் திருவிழா சமயத்திலிருந்தே நச்சரிப்பு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒன்று வாங்கினோம். டவுனுக்குள் ஒரு கடை, பெயர் வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இதுதான்:

அடியில் மண்புழு உரம் இரண்டு கிலோ. மேலே வெள்ளை மார்பிள் சில்லு பத்து கிலோ. சிவப்பிலைச் செடி நாலு கட்டு. தண்ணீர் ஊற்றி ஆன்டி குளோரின் பத்துச் சொட்டு. ஒரு நாள் விட்டு மீன் விடலாம். வாரம் ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் இறைத்து, கல்லைக் கழுவி, பில்டர் பஞ்சைக் குழாயில் பளிச்சென்று அலச வேண்டும்.

வரி பிசகாமல் செய்தேன். ஆறு நியான் டெட்ரா, இரண்டு ஏஞ்சல், ஒரு சக்கர். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆகிவிட்டது. போன் போட்டேன், படிகாரம் போடச் சொன்னார். ஐந்தாம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீல மருந்தும் ஒரு கைப்பிடி கல் உப்பும் போடச் சொன்னார். இன்று ஒன்பதாம் நாள். ஆறு நியானும் ஒரு ஏஞ்சலும் போய்விட்டன. கண்ணாடி ஒட்டிய சிலிகான் முழுக்க நீலம். செடியைத் தொட்டால் வெந்த கீரைத்தண்டு மாதிரி கையோடு வருகிறது.

"உங்க கைராசி அப்படி சார்" என்கிறார் கடைக்காரர். அது என்ன கைராசி?

கண்மாய்க்கரை
ஞாயிறு, இரவு 10.25

கைராசியெல்லாம் கிடையாது. நோட்டில் இருந்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் இப்படி ஆயிற்று.

முதலில் சில கேள்விகள். ஊற்றியது போர் தண்ணீரா, மாநகராட்சித் தண்ணீரா? டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, எவ்வளவு? பில்டர் எந்த வகை? மிச்சம் இருக்கிற இரண்டு மீனும் இப்போது எங்கே?

பதில் வருகிற வரைக்கும் ஒரு வேலை. தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, குளோரின் போன, அதே சூடுள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தீனி போடவே போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

திருநகர்_புதுசு
ஞாயிறு, இரவு 11.10

போர் தண்ணீர்தான். ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வந்தவர் அளந்து 1150 என்று சொல்லிவிட்டுப் போனார். அமிலமா காரமா என்று பார்க்கிற பிஹெச் தாள் 8 காட்டுகிறது. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், அது சமையலுக்கே சரியாகிவிடும். பில்டர், கண்ணாடி விளிம்பில் மாட்டுகிற வகை. பாதித் தண்ணீர் மாற்றிவிட்டேன். ஏஞ்சல் மூலையில் சாய்ந்து நிற்கிறது. சக்கர் கண்ணாடியில் ஒட்டியபடியே இருக்கிறது.

கண்மாய்க்கரை
திங்கள், காலை 6.15

சரி, இப்போது புரிகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி, அழுகும் இலை, உங்கள் மண்புழு உரம் எல்லாமே அதைத்தான் விடும். ஓடிப் பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் தொந்தரவு இல்லை, செடிக்கு அது சாப்பாடு. இந்த பாக்டீரியாக்கள் குடியேறக் கடையில் சொன்ன ஒரு நாள் போதாது. பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் சீக்கிரமே வரும்.

அந்தச் சூடே இன்னொரு பக்கம் எமன். அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அதிகம் உறுத்தாத அமோனியம், இன்னொன்று செவுளைப் பொசுக்கும் அமோனியா வாயு. பிஹெச்சும் சூடும் ஏற ஏற இரண்டாவதன் பங்கு கூடும். முப்பது டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே சூட்டில் பிஹெச் 8 என்றால் நூற்றுக்கு ஏழு எட்டு. பிஹெச் 7 உள்ள தண்ணீரிலும் உங்கள் தண்ணீரிலும் ஒரே அளவு அசுத்தம் இருந்தால்கூட, பிஹெச் 8 உள்ள போர் தண்ணீரில் அது பத்து மடங்கு கடிக்கும்.

மார்பிள் சில்லு இன்னொரு வினை. அது சுண்ணாம்புக் கல். ஒரு சில்லைத் தனியே எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் அது தண்ணீரின் கடினத்தைக் கூட்டுகிற கல். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்த மீன், இருபதிலிருந்து இருபத்தாறு டிகிரியில் வசதியாக இருக்கும். அதை 1150 டிடிஎஸ்ஸில், மே மாத மதுரையில் விட்டிருக்கிறோம்.

பால் மாதிரி ஆன தண்ணீர் பாக்டீரியாப் பெருக்கம். புதுத்தொட்டியில் வரும், நாலைந்து நாளில் தானே போகும். படிகாரம் தூசியைப் படிய வைக்கிற சாமான், உயிரோடு பெருகுவதை அது எங்கே நிறுத்தப்போகிறது? நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. மீனுக்குத் தனி டப்பாவில் வைத்தியம் பார்க்க நல்ல மருந்துதான், ஆனால் செடித்தொட்டியில் ஊற்றினால் பில்டரில் தலைகாட்டிய பாக்டீரியாவையும் அடிக்கும், செடியையும் கெடுக்கும்.

பழைய_சைக்கிள்
திங்கள், காலை 8.40

இதெல்லாம் படித்தவர்கள் செய்கிற பயமுறுத்தல். எங்கள் அப்பா காலத்தில் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீன் விடுவார். டெஸ்டும் கிடையாது, பாக்டீரியா குடியேறக் காத்திருக்கிற இந்த 'சைக்கிளும்' கிடையாது. இருபது வருஷம் மீன் இருந்தது.

கண்மாய்க்கரை
திங்கள், காலை 9.05

அண்ணே, என்ன மீன் விட்டார் உங்கள் அப்பா?

பழைய_சைக்கிள்
திங்கள், காலை 9.30

கப்பி, கௌராமி, ஒரு ஃபைட்டர். கிணற்றுத் தண்ணீர்.

கண்மாய்க்கரை
திங்கள், காலை 9.48

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கிற உறுப்பு உண்டு. செவுள் கெட்டாலும் அவை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கப்பி கடினத் தண்ணீருக்கென்றே பிறந்தது. வெயிலில் கிடக்கும் சிமெண்டுத் தொட்டிச் சுவரில் ஒரு விரல் கனத்துக்குப் பாசி இருந்திருக்கும், அது அமோனியாவை அப்படியே உறிஞ்சும். மீனும் நாலைந்துதான். அப்பா செய்தது சரி. அதே வழியில் இவர் ஐம்பது லிட்டர் தொட்டியில் நியானையும் ஏஞ்சலையும் விட்டதுதான் ஒத்துவரவில்லை.

பழைய_சைக்கிள்
திங்கள், காலை 10.02

பாசி இருந்தது உண்மைதான். வழுக்கும்.

கடையில்_இருந்தவன்
திங்கள், இரவு 10.30

நான் நான்கு வருஷம் மீன் கடையில் வேலை பார்த்தவன், மதுரையிலேயே. இப்போது வேறு தொழில். கடைக்காரரைத் திட்டி இங்கே நிறைய இழை ஓடுகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எழுதியதில்லை.

கடையில் முப்பது நாற்பது தொட்டி வரிசையாக இருக்கும். எதிலும் அடியில் மண் இருக்காது, கல் இருக்காது. ஆளுக்கொரு ஸ்பாஞ்சு பில்டர், ஒரே பெரிய ஏர் பம்பிலிருந்து குழாய். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பையன் ஹோஸைப் போட்டு ஒவ்வொரு தொட்டியிலும் பாதித் தண்ணீரை இறக்கிவிடுவான். அப்புறம் மொட்டைமாடி டேங்கிலிருந்து புதுத்தண்ணீர், ஒரு கை உப்பு, சந்தேகம் வந்தால் நீல மருந்து. அந்தப் பையன் நான்தான். வருஷம் முழுக்க வலது கை விரல் நகம் நீலமாகவே இருக்கும். கல்யாணத்துக்குப் போனால் கையை மடியில் மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

இந்த முறையில் மீன் ஒரு வாரம், பத்து நாள் நன்றாகவே இருக்கும். அதற்குள் விற்றுவிடும். விற்காதது செத்துவிடும், அது கணக்கில் உண்டு. ஆகவே முதலாளி உங்களிடம் "தண்ணீரை மொத்தமாக மாற்று, உப்புப் போடு, நீலம் ஊற்று" என்று சொல்வது அவர் தினமும் கண்ணால் பார்த்துத் தேறிய வழி. பொய் சொல்லவில்லை. அவர் தொட்டியில் செடி கிடையாது, மீன் மாதக்கணக்கில் தங்குவதும் கிடையாது. செடித்தொட்டியை ஆறு மாதம் வைத்துப் பார்க்காதவரிடம் அதைப் பற்றிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

செடி விஷயம் இன்னும் மோசம். சென்னை கொளத்தூரிலிருந்து பஸ் பார்சலில் தெர்மோகோல் பெட்டியில் வரும். திறந்தால் பாதி ஈரப் பேப்பரில் சுற்றியிருக்கும். அதில் ஒரு பங்கு நீர்ச்செடியே கிடையாது. வாசலில் பூந்தொட்டியில் வைக்கிற டிரசீனா, ஊதா இலைச் செடி இதையெல்லாம் கட்டுக் கட்டி "ரெட் பிளாண்ட்" என்று விற்போம். தண்ணீருக்குள் இரண்டு மூன்று வாரம் நிறம் நிற்கும், பிறகு அடியிலிருந்து அழுகும். உங்களுக்கு உப்பும் மருந்தும் சேர்ந்ததால் சீக்கிரமே அழுகிவிட்டது. தரைச்செடியா என்று பார்க்க ஒரு வழி: தண்ணீரை விட்டு வெளியே எடுத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். குச்சி மாதிரி விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். தண்ணீரிலேயே வளர்ந்த செடி ஈரத்துணி மாதிரி தொங்கும். நல்ல நீர்ச்செடியையும் சில பண்ணைகளில் தண்ணீருக்கு வெளியே வளர்ப்பார்கள், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் பெயரையும் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை முதலாளி ஊரில் இல்லாத நாள், ஒரு சாரிடம் "மூன்று வாரம் தொட்டியைச் சும்மா ஓட விட்டு அப்புறம் வாங்க" என்று சொன்னேன். எதிர்க்கடைக்குப் போய் அன்றைக்கே இருபது மீன் வாங்கிக்கொண்டு, என் கண்முன்னே வண்டியில் மாட்டிக்கொண்டு போனார்.

மேலூர்_அக்கா
செவ்வாய், காலை 11.20

கடையில்_இருந்தவன் தம்பி, நகம் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

திருநகர் தம்பிக்கு: தொட்டியைக் காலி பண்ணு. அந்த உரத்தைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய். உரத்தை ரோஜாத் தொட்டியில் போடலாம், வீணாகாது. ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறியது, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் போடு.

நான் செய்கிற முறை இது. அடியில் ஓர் அங்குலம் செம்மண். தோட்டத்து மண்தான், கல்லும் வேரும் போகச் சலித்தது. உரம் போட்ட மண் ஆகாது. மேலே ஒன்றரை அங்குலம் ஆற்று மணல், தண்ணீர் தெளியும் வரை அலசியது. கட்டடத்துக்கு வாங்கிய எம்-சாண்ட் கிடக்கிறது என்று அதைப் போடாதே, விளிம்பு கூராக இருக்கும், அடியில் மேய்கிற மீனின் மீசை தேய்ந்துபோகும். மணல் மேல் ஒரு தட்டு வைத்து, தட்டின் மேல் தண்ணீரை ஊற்று, மண் கலங்காது.

செடியை முதல் நாளே அடர்த்தியாக வை. வேலம்பாசி இரண்டு கைப்பிடி, ஹைட்ரில்லா ஒரு கட்டு. வளர்ந்து தள்ளுகிற செடிதான் அமோனியாவை முதலில் தின்னும். அழகுச் செடி அப்புறம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வாங்கினால் அந்தக் கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்கக்கூடாது, கல்லில் நூலால் கட்டு. கிரிப்டோகோரைன் என்கிற கிரிப்டோ செடி வைத்தால் இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துபோகும், பிடுங்கி எறிந்துவிடாதே, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நான் முதல் தடவை பிடுங்கி எறிந்தவள்.

விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், முதல் மாதம். கூடினால் பாசிதான் விளையும்.

கண்மாயில் போய்ச் செடி பறிக்கிறேன் என்று இறங்காதே. அட்டை, நத்தை எல்லாம் சேர்ந்து வரும்.

கண்மாய்க்கரை
செவ்வாய், மதியம் 1.15

அக்கா சொன்னதில் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு டிரம் பிடித்து, காற்றுக் குமிழி விடுகிற ஏர் கல் போட்டு ஒரு நாள் ஓட விடுங்கள், குளோரின் போய்விடும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின், அதாவது சோடியம் தயோசல்பேட். முடியாவிட்டால் போர் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் பாதிக்குப் பாதி. வெறும் ஆர்ஓ தண்ணீரில் தாது கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது, மீனுக்கும் செடிக்கும் ஆகாது.

நான் பசுமலையில்தான் இருக்கிறேன். ஐந்து வருஷம் ஓடிய தொட்டி இருக்கிறது. அதன் பில்டர் பஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன். அந்த அழுக்குப் பஞ்சுக்கு ஈடாக எந்தப் பாட்டிலும் கிடையாது. உங்கள் ஏஞ்சலையும் சக்கரையும் என்னிடம் கொண்டுவந்து விடுங்கள். சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், தின்பதைவிட அதிகமாகக் கழியும். வளர்ந்ததும் யாரும் அதைக் கண்மாயில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

பிறகு டெஸ்ட் கிட். தாள் வேண்டாம், சொட்டு விடுகிற வகை வாங்குங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் இருந்தால் போதும்.

திருநகர்_புதுசு
வியாழன், இரவு 9.15

பசுமலை போய்வந்தேன். அண்ணன் பாலிதீன் பையில் பஞ்சைப் போட்டு, கொஞ்சம் தொட்டித் தண்ணீரும் ஊற்றிக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பில்டருக்குள் வைப்பதற்கு முன், அவர் சொன்னபடி தொட்டிக்குள் ஒரு பிழி பிழிந்தேன். டீ டிக்காஷன் நிறத்தில் புகை மாதிரி விரிந்தது. அலசி அலசி வைத்த மணல் மேல் அது போய் உட்கார்வதைப் பார்த்து வீட்டுக்காரி ஒரு வார்த்தையும் பேசவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டுமே, மீன் இல்லாமல் என்ன போடுவது? இறால் துண்டு போடச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன்.

கண்மாய்க்கரை
வியாழன், இரவு 9.40

இறால் வேலை செய்யும், வீட்டில் நாறும். ஏற்கெனவே வீட்டம்மா கோபத்தில் இருக்கிறார்கள். நவச்சாரம் தெரியுமா? பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான் அமோனியம் குளோரைடு. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் சுத்தமானது சின்ன டப்பாவாகக் கேளுங்கள். மண்ணும் மணலும் போக உங்கள் தொட்டியில் நிற்பது சுமார் நாற்பத்தைந்து லிட்டர். கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் அமோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

அது பூஜ்யத்துக்கு இறங்கியதும் மறுபடி அதே அளவு. போட்டு ஒரே நாளில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் மீனுக்கு வாசல் திறந்தாயிற்று.

மேலூர்_அக்கா
வெள்ளி, காலை 7.50

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை மறந்துவிடாதே. காலை ஒன்பதுக்குப் போனால் மத்தியானம்தான் வரும். பில்டர் நின்றால் அந்தப் பஞ்சைக் கழற்றி, தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்க விடு. டப்பாவுக்குள்ளேயே காற்றில்லாமல் கிடந்தால் வளர்த்ததெல்லாம் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

திருநகர்_புதுசு
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை

கணக்கு ஒப்பிக்கிறேன். நான்காம் நாள் அமோனியா 2, நைட்ரைட் இல்லை. எட்டாம் நாள் அமோனியாக் குழாயில் பச்சை குறைந்து மஞ்சள் தட்டியது, நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. பெண் அந்தக் குழாயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்த நிறம் அசையவே இல்லை, எனக்குப் பொறுமை போய்விட்டது. பதினெட்டாம் நாள் காலையில் நீலம், அதாவது நைட்ரைட் பூஜ்யம். நவச்சாரம் போட்டு மறுநாள் பார்த்தேன், இரண்டும் பூஜ்யம். நேற்று மறுபடி போட்டேன், இன்று காலையும் அதேதான்.

வேலம்பாசி ஆறு கன்று விட்டிருக்கிறது. கிரிப்டோ கரைந்து, இப்போது சுண்டுவிரல் நகம் அளவில் நாலு இலை.

இனி என்ன மீன்?

கண்மாய்க்கரை
ஞாயிறு, காலை 10.10

முதலில் தண்ணீரில் பாதிக்கு மேல் மாற்றுங்கள், இத்தனை நாள் சேர்ந்த நைட்ரேட் இருக்கும். பிறகு கப்பி ஐந்து, அல்லது பிளாட்டி நாலு. கடினத் தண்ணீர்க்காரர்கள் இவர்கள். பத்து நாள் பார்த்து அடுத்தது. ஆசையாக இருந்தால் அயிரையும் விடலாம், நம் ஆற்று மீன், மணலில் புதைந்து விளையாடும்.

பழைய_சைக்கிள்
ஞாயிறு, காலை 10.25

மதுரையில் அயிரையைத் தொட்டியில் விடுவதா? மண்சட்டியில் புளி கரைத்து விடுகிற மீனய்யா அது.

திருநகர்_புதுசு
ஞாயிறு, மாலை 6.40

கப்பி வாங்க அதே கடைக்குத்தான் போனேன், பக்கத்தில் வேறு இல்லை. "நீல மருந்து இன்னொரு பாட்டில் தரவா?" என்றார். போனில் தொட்டிப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தச் செடி எங்கே வாங்கினீங்க, எனக்கு ஒரு கட்டு கிடைக்குமா?" என்று கேட்டார். ஐந்து கப்பி, பை மேசை மேல் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

மேலூர்_அக்கா
ஞாயிறு, மாலை 6.44

விளக்கை அணைத்துவிட்டுப் பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடு. அப்புறம் வாயைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி தொட்டித் தண்ணீர் உள்ளே. நாலைந்து தடவை ஆனதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடு. பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்று, அதில் அவருடைய நீலம் இருக்கும்.